நீ வாங்கிய செருப்படி

மச்சி,

இன்று காலை உன் பெண்டாட்டி கௌரி ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தாள். நாளைக்குப் போகி. வீட்டுக்கு வீடு பழைய சாமானை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவள் உன் ஆட்டோவைக் கழுவியிருக்கிறாள். நீ போனதிலிருந்து மூன்று மாதமாகச் சும்மா நின்ற வண்டியைப் பொங்கல் கழிந்ததும் அவளே ஓட்டப் போகிறாள். பின்சீட்டுக்குப் பின்னால் இந்தப் பை கிடந்ததாம்.

பையின் வாயை அவிழ்த்ததும் கருகிய பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. ஆறு வருடமாகியும் அது போகவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, இதுல உங்க புள்ள பேரு போட்டுக் கீது" என்று கௌரி அதை என் மனைவி மகேசிடம் நீட்டினாள்.

மகேசு உன் வீட்டோடு பேச்சை நிறுத்தி ஆறு வருடம். ஆனாலும் கையை நீட்டி வாங்கினாள். ஒரு பக்கம் உருகி வழிந்து, மறுபக்கம் வெள்ளை மிச்சமிருந்த நெபுலைசர், மூச்சிழுப்புக்கு மருந்து வைக்கிற மிஷின். அடியில் நகப்பாலிஷில் அவளே எழுதிய 'கீர்த்தி' என்ற பெயர். தெருவில் எந்தப் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும் கடன் கேட்டு வந்துவிடுகிறார்கள், திரும்பி வர வேண்டாமா என்று எழுதி வைத்த பெயர்.

உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர்தான். சைதாப்பேட்டை ஆற்றோரத்து ஆறு வீட்டு வரிசையில், என் வீட்டில் தும்மினால் உன் வீட்டிலிருந்து நூறு சொல்லலாம். கீர்த்திக்கு ஒன்றரை வயதில் வீசிங் வந்தது. மிஷின் ஓட ஆரம்பித்ததும் நீ அந்தப் பக்கத்திலிருந்து சுவரைக் குத்துவாய். "இன்னாடா, ஊட்டுக்குள்ள மாவு மிஷினா ஓட்டிக்கினு கீற?" நான் இந்தப் பக்கத்திலிருந்து உன் வம்சத்தையே இழுப்பேன். அப்போது நாம் நண்பர்களா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நீ பார்த்ததில்லை. காலையும் மாலையும் நாங்கள் எங்கள் பிள்ளையோடு மல்லுக்கட்டினோம். நான் அவள் இரண்டு கையையும் ஒரு கையால் பிடித்து, தொடையால் அவள் காலை அமுக்குவேன். மகேசு தலையைத் தன் நெஞ்சோடு இறுக்கி மாஸ்க்கை முகத்தில் அழுத்துவாள். பிள்ளை உதைக்கும், துப்பும், கடிக்கும். என் மணிக்கட்டில் அந்தப் பல் தடம் இன்னும் இருக்கிறது. "அழட்டும்யா, அழுதாத்தான் மருந்து நல்லா உள்ள போவும்" என்பாள் மகேசு. அப்படிக் கிடையாது, அழுதால் உள்ளே போவதும் வீண் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அது தெரியாமல் எத்தனை மாதம் அழவிட்டோம். ஒரு நாள் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள் என்று நான் அறைந்த அறையில் அவள் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க "வாங்கம்மா, பாருங்கம்மா" என்று குழைந்து நிற்கிறவன், வீட்டுக்கு வந்து நாலு வயதுப் பிள்ளையை அறைகிறவன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அந்த வருடம் மார்கழி வரை மூன்று மாதம் அவளுக்கு ஒரு இழுப்பும் வரவில்லை. "நல்லா இருக்கும்போதும் ரெண்டு வேளை வெக்கணும். நீங்களா நிறுத்திடாதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கடையில் கூட நிற்கிறவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். மிஷின் பழகிவிட்டால் ஆயுசுக்கும் விடாதாம். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. நோய் பிள்ளையிடம் இல்லை, அந்த வெள்ளைப் பெட்டியில்தான் இருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்தேன். போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் மிஷினை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்ததும், கீர்த்தி நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். மிஷினைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. அப்போதே முடிவு செய்தேன்.

அன்று மதியம்தான் மகேசு உன்னிடம் கெஞ்சியிருந்தாள். "அண்ணே, டயர மட்டும் போடாதண்ணே. புள்ளைக்கு ஆவாது." நீ முணுமுணுத்தாய். டயர் இல்லாமல் என்ன போகி என்றாய். பிறகு, "சரிம்மா, போ. பாயி, தலகாணி மட்டுந்தான். அதுவும் தெரு முனைல வெச்சிக்கிறேன்" என்றாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். உன் வீட்டோரம் கிடந்த இரண்டு பழைய டயரும் கிடந்தபடியே கிடந்தன.

விடியற்காலை மகேசு குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, மிஷினை என் பழைய கடைச்சட்டைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு உன் நெருப்புக்கு வந்தேன். பிள்ளைகள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தன. நீ குச்சியால் பாயைக் கிளறிக்கொண்டிருந்தாய்.

"இன்னா மச்சி அது?"

"பழசு" என்றேன். போட்டேன்.

எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இனி பிள்ளையை அமுக்க வேண்டாம். அந்த நிம்மதி அரை மணி நேரம் இருந்தது.

ஊரே எரித்த புகை கதவிடுக்கு வழியாக வந்தது. ஈரத்துணி செருகியும் நிற்கவில்லை. கீர்த்தி இருமிக்கொண்டே எழுந்தாள். பிறகு இருமவும் முடியவில்லை. விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. மகேசு அலமாரியைத் திறந்தாள். பாத்திரங்களை இழுத்துக் கீழே கொட்டினாள். தையல் துணி மூட்டையை உதறினாள். "மிஷின் எங்கய்யா? எங்கய்யா வெச்ச? வாயில கொழுக்கட்டையா?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளையின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

நான் எரித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் வெளியே ஓடினேன். வழியில் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்தேன். "டயரா போட்ட, தேவடியாப் பயலே!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு உன் இடது புருவத்துக்கு மேல் அடித்தேன்.

நீ ஒரு முட்டி போட்டு விழுந்தாய். ரத்தம் கண்ணில் இறங்கி வாய்க்குள் போனது. எழுந்து என் கழுத்தைப் பிடித்தாய். உன் முஷ்டி என் மூக்குக்கு நேரே வந்தது. என் பற்களை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் அடி விழவில்லை. நீ என் தோளுக்கு மேலே நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சட்டை எரிந்து விலகி, மிஷினும் சுருண்டு உருகுகிற குழாயும் தெரிந்தன. அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். கையைக் கீழே விட்டாய்.

"புள்ளைய எட்தா மொதல்ல. என்ன அப்பால அடிச்சிக்கோ."

ஒரு கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு மறு கண்ணால் ஓட்டினாய். பாலத்தின் மேல் எதிர் வண்டியின் விளக்கு கூடத் தெரியாத புகை. இறங்குகிற இடத்தில் நடுரோட்டில் டயரை எரித்துக்கொண்டு நாலு பேர் வழிவிடாமல் நின்றார்கள். வண்டியை நிறுத்தி, இறங்கி, எரிகிற டயரை வெறுங்காலால் உதைத்துத் தள்ளினாய். அவர்கள் எறிந்த கல்லில் ஆட்டோவின் கண்ணாடி போனது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து மூன்று முறை நெபுலைசர் வைத்தார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் உதட்டில் நிறம் வந்தது. அவள் தலைமாட்டில் மகேசு உட்கார்ந்திருந்தாள். அடுத்த கட்டிலில் உனக்கு ஏழு தையல்.

"யார் அடிச்சது? போலீசுக்குச் சொல்லணும்" என்றார் டாக்டர்.

"யாரும் இல்ல டாக்டர். ஆட்டோ கம்பில இட்ச்சிக்கினேன்."

பிள்ளை மூச்சு விட ஆரம்பித்ததும் மகேசுக்கு மறுபடி நினைவு வந்துவிட்டது. வராந்தாவில் என்னிடம் வந்தாள். "மிஷின் எப்பிடிப் போச்சு? அலமாரியிலதானே வெச்சேன்?" நீ பெஞ்சிலிருந்து எழுந்தாய்.

"வாசல்ல ஒரு மூட்ட கெடந்துச்சும்மா. பழசுன்னு நெனச்சி நான்தான் எட்துப் போட்டுட்டேன்."

அவள் செருப்பைக் கழற்றினாள். முகத்தில், தலையில், தையல் போட்ட இடத்தில். ஒரு தையல் பிரிந்து மறுபடி ரத்தம் வந்தது. நீ கையைத் தூக்கி மறைக்கவில்லை. வாட்ச்மேன் ஓடிவந்து அவளை இழுத்தான். நான் சுவரோடு சுவராக நின்றேன். என் மேல் விழ வேண்டிய ஒவ்வொரு அடியையும் கண் கொட்டாமல் பார்த்தேன். அதைவிடக் கேவலமாக நான் என் வாழ்நாளில் நின்றதில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒரு மாதம் கழித்து டீக்கடையில் கேட்டேன். டம்ளரை ஆட்டிக்கொண்டே சொன்னாய். "ஒம் பொண்டாட்டி என்ன செருப்பால அட்சா, அவ அவ ஊட்டுக்குப் போய்டுவா, நான் என் ஊட்டுக்குப் போய்டுவேன். உன்ன அட்சிருந்தா அந்தப் புள்ள எந்த ஊட்டுக்குடா போவும்?"

அன்றிலிருந்துதான் நாம் நண்பர்கள். தெருவுக்கு நீ 'மிஷின எரிச்சவன்'. குழாயடியில் பெண்கள் உன்னைக் கண்டால் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். நீ போகி கொளுத்துவதை விட்டாய். ஒவ்வொரு போகிக்கும் விடியுமுன் தெரு முனையில் போய் நின்று, டயர் உருட்டி வருகிறவனையெல்லாம் மடக்கினாய். ஒரு வருடம் உன் முன்பல் உடைந்தது. இன்னொரு வருடம் நீ எவன் விரலையோ ஒடித்தாய். "பண்ண பாவத்தக் கழுவறான்" என்றாள் மகேசு. நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் நீ ஆட்டோவிலேயே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, மகேசு உன் முகம் பார்க்க வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உன்னைத் தோளில் சுமந்தேன். பக்கத்தில் தோள் கொடுத்தவன், "நல்ல மனுசன்தான், அந்த மிஷின் மேட்டர் ஒண்ணுதான்" என்றான். நான் "ம்" என்றேன். உன் பாடைக்குக் கீழே நடந்துகொண்டே சொன்னேன் மச்சி, "ம்" என்று.

இன்று காலை மகேசு பைக்குள் மறுபடி கையை விட்டாள். மோட்டாரோடு ஒட்டி, கருகாமல் தப்பிய ஒரு சட்டைக் காலர் வந்தது. கடையில் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சட்டை என்பதால் மாறாமலிருக்க அவள் நீல நூலில் தைத்த என் பெயரில் பாதி அதில் இருந்தது. அவள் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்றுதானே சாம்பலைக் கிளறி எடுத்து ஆறு வருடம் சுமந்தாய்? எறிந்திருக்கலாமே. ஏன் எறியவில்லை என்று கேட்க நீ இல்லை.

தன் தையலை அவளுக்குத் தெரியாதா. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தச் சட்டையைத் துடைக்கிற துணியாக உனக்குக் கொடுத்தேன் என்ற பொய் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நான்தான் போட்டேன்" என்றேன். "அவன் இல்ல. நான்."

உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கீர்த்திக்கு இப்போது பத்து வயது. தானே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நான் சொன்னதும் மிஷின் சத்தம் நின்றது. அவள் கேட்டிருக்கிறாள். பிறகு மகேசு கையிலிருந்த மோட்டாரால் ஓங்கி என் நெற்றியில் அடித்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. "பாவி! பாவி!" என்று மறுபடி ஓங்கியவளைக் கௌரிதான் பிடித்துக்கொண்டாள்.

கௌரி என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். "எங்கிட்டகூட சொல்லலியே அந்த ஆளு" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "ரத்தம் நிக்கல. வண்டில ஏறுங்க" என்றாள். கீர்த்தி மாஸ்க் கழுத்தில் தொங்க வாசலுக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வண்டி கிளம்பும்போது மறுபடி மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

எனக்கு நாலு தையல். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டாள்.

"ஆட்டோ கம்பில இட்ச்சிக்கினேன்."

கூடவே வண்டியில் ஏறி வந்து என் ரத்தத்தை முந்தானையால் அழுத்திக்கொண்டிருந்த மகேசின் கை நின்றுவிட்டது. அதே வாக்கியத்தை அவள் முன்பு கேட்டிருக்கிறாள். அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். தன் செருப்பை எடுத்துத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "அந்த மனுசன அட்சேனே, தையலு பிரிய அட்சேனே, சாவுக்குக்கூடப் போவலியே" என்று அவள் அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது. கௌரி வந்து அவள் கையிலிருந்து செருப்பைப் பிடுங்கி எறிந்தாள்.

சாயங்காலம் வீட்டில் மகேசு கதவிடுக்கில் ஈரத்துணி செருகிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னாள்.

"நாளைக்கு முனைல நீ போய் நில்லு. பல்லு போனாலும் சரி."

நிற்கிறேன் மச்சி. நெற்றிக் கட்டோடு, நீ நின்ற அதே இடத்தில். டயர் உருட்டிக்கொண்டு எவன் வந்தாலும், அன்றைக்கு மிஷினை எரித்தது நீ இல்லை, நான்தான் என்று முதலில் அவனிடம் சொல்லிவிடுவேன். அப்புறம்தான் அவன் மேல் கை வைப்பேன்.