டின்னுக்குள் இருந்த ரவை

வோபர்ன், ஸ்காபரோ
மே 6, திங்கட்கிழமை

என் அன்பு மகன் கிளிபோட்டுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் காவலில் இங்கே மூன்று பேரும் சுகம். அல்பேட்டாவில் பனி விட்டுவிட்டதா, வேலைக் கேம்பில் வாய்க்கு ருசியாக ஏதும் தருகிறார்களா என்று அறிய ஆவல். போனில் கேட்கலாம்தான். ஆனால் உன் மகள் றெபேக்காவின் பெயரை எடுத்தவுடன் நீ போனை வைத்துவிடுகிறாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது, பொறுமையாக வாசி. நான் எழுதுவது உன் மனுசி கிளடிஸுக்குத் தெரியாது.

தக்காளிக் கன்றுகள் இன்னும் யன்னலோரத்தில்தான் நிற்கின்றன, வெளியே குளிர் போகவில்லை. கிளடிஸுக்குப் பகல் வேலை கிடைத்துவிட்டது. உயிர்த்த ஞாயிறுக்கு உனக்கும் சேர்த்துத்தான் சமைத்தாள். இரண்டு லீவு போய்விட்டது, நீ வரவில்லை.

நீ மாசியில் வந்து போனதைப் பற்றி எழுதவேண்டும். பிழை என்னுடையது. அதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

தை மாதம் நீ போன் எடுத்து, "அம்மா, என்ன செய்யிறியள்?" என்று கேட்டாய். "பேத்தியும் நானும் பேப்பரிலை ரவை சுத்திறம்" என்றேன். நீ ரவை உருண்டை என்று நினைத்துச் சிரித்தாய். "எனக்கும் நாலு எடுத்து வையுங்கோ, கஜு கூடப் போடுங்கோ" என்றாய். அந்த இடத்தில் நான் திருத்தியிருக்கவேண்டும். "ஓம் தம்பி" என்றேன். சுடுகிற துவக்குக்குப் போடுவதும் ரவை, உப்புமாவுக்குப் போடுவதும் ரவை. அந்த ஒரு சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டேன்.

றெபேக்காவின் துவக்கு நூற்றறுபது வயதுச் சாமான். லைசென்சும் இருக்கிறது, துவக்குச் சுடுகிற கழகத்தில் பெயரும் இருக்கிறது. இந்தக் காலத்துப் பித்தளை ரவை அதற்குச் சரிவராதாம். மெல்லிய பேப்பரைச் சுருட்டி, வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் உள்ளே வைத்து ஒட்டவேண்டும். இரண்டுக்கும் நடுவில் இடம் நிரப்பக் கொஞ்சம் ரவை, உப்புமா ரவையேதான். பேப்பர், தலைமயிர் சுருட்டுகிற கடையில் வைத்திருப்பது. மக்டலீன் அன்ரியின் சலூனில் பெட்டியாக வாங்கி வருவாள். மருந்தை என் கண்ணிலும் காட்டமாட்டாள், பூட்டி வைத்திருக்கிறாள். நான் பழகியது ரவையையும் குண்டையும் வைத்து மட்டும். முதல் நாள் நான் கடலைக்காரன் மாதிரிக் கூம்பாகச் சுருட்டியதைப் பார்த்து, "அப்பம்மா, உது கச்சான் சரை!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு மாதத்தில் பன்னிரண்டு நேராக வந்தன. பெருமையில் அவற்றைப் பிஸ்கட் டின்னில் அடுக்கி அலுமாரியில் வைத்தேன். வைத்தது நான், அவள் இல்லை.

மாசியில் நீ சப்பாத்தும் கழற்றாமல் வந்து, ரவை உருண்டை என்று அந்த டின்னைத் திறந்தாய். ஒன்றைப் பிரித்தாய். முதலில் ரவை கொட்டியது. பிறகு குண்டு மேசையில் உருண்டது. உன் முகத்தைப் பார்த்தேன், தம்பி. தொண்ணூறாம் ஆண்டு, எட்டு மாதம் காணாமல் இருந்து நீ வாசலில் வந்து நின்றபோது இருந்த முகம். "இந்த வீட்டிலையுமோ?" என்றாய். பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

உன் தம்பி ஜெறாட்டைத் துவக்கு ரவைக்குப் பறிகொடுத்த தாய் இதை ஏன் தொட்டாள் என்று கேட்பாய். உன் மகளோடு இருக்கத்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டு மணித்தியாலம் அவள் என் முன்னால் இருப்பாள். கையில் பசை, போனைத் தொட ஏலாது. வாய் நிறையத் தமிழ் கதைப்பாள், பிழையும் இங்கிலீசுமாக. "சுட்டால் ஆருக்கடி படும்?" என்று ஒருநாள் கேட்டேன். "குறி பாக்கிற பேப்பருக்கு மட்டும், அப்பம்மா" என்றாள்.

பங்குனியில் என்னையும் கழகத்துக்குக் கூட்டிப்போனாள். காதுக்கு மூடியெல்லாம் போட்டுத்தான் விட்டாள். முதல் வெடியோடு நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். எழுபத்துநாலு வயதில் எப்படிப் போனேனோ தெரியாது. தாடிக்கார வெள்ளையர்கள் எல்லாரும் பார்த்தார்கள், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் துவக்கை வைத்துவிட்டு, தானும் குனிந்து வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். பயப்படாதேங்கோ என்று சொல்லவில்லை. "ஆர், அப்பம்மா?" என்று மட்டும் கேட்டாள். உன் தம்பியைப் பற்றி எல்லாம் சொன்னேன். சைக்கிளை மதிலில் மோதி நிறுத்துவானே, அதுகூடச் சொன்னேன். இத்தனை வருடத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் பிறகு ஒரு வெடியும் வைக்கவில்லை. சித்திரையில் நடந்த போட்டியில் நாற்பது பேருக்குள் இரண்டாவதாக வந்தாள். உனக்குச் சொல்ல அவளுக்குப் பயம், அதனால் நான் சொல்கிறேன்.

இப்போது அவள் அந்தத் துவக்கை விற்கப்போகிறாள். பதினெட்டாம் திகதி, சனிக்கிழமை, ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். "அப்பா வாறாரெண்டால் எனக்கு இது வேண்டாம்" என்றாள். விற்றால் விற்கட்டும், எனக்கு அது பெரிதில்லை. ஆனால் நீ அந்தக் குண்டைப் பார்த்துத்தான் போனாய் என்று அவள் நினைக்கவில்லை. "அப்பாவுக்கு என்னைப் பிடிக்கேல்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். துவக்கு போன பிறகும் அந்த நினைப்பு வீட்டிலேயே கிடக்கும். அதை நீதான் வந்து எடுக்கவேண்டும், மகனே.

அந்த எட்டு மாதம் நீ எங்கே இருந்தாய், கையில் என்ன வைத்திருந்தாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டாயே என்று சோற்றைப் போட்டேன். கேட்காமல் விடுவதுதான் பிள்ளைக்கு நல்லது என்று இருந்துவிட்டேன். மேசைக்குக் கீழே இருந்தபோதுதான், உன்னை நான் எவ்வளவு காலம் தனியே விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. இப்போது கேட்கிறேன் என்று பயந்துவிடாதே. எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. உன் மகளுக்குக் கேட்கத் தெரியும். சொல்லாமல் சும்மா அவள் பக்கத்தில் இருந்தாலும் போதும். சனிக்கிழமைக்கு முதல் அவளுக்கு ஒரு போன் எடு.

கர்த்தர் உன் இரவுகளைக் காப்பாற்றட்டும், பிள்ளை. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போட்டுவிடுகிறேன். அன்றைக்கு நீ எதைச் செய்துவிட்டு வந்து வாசலில் நின்றாயோ, அதோடு சேர்த்துத்தான் உன்னை உள்ளே எடுத்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

உன்னைப் பெற்றவள்,
பிலோமினா