ஒல்லி என்று உன்னை விட்டுவிட்டார்கள்

இன்று காலை தொழிற்சாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் தைலத்தைத் திறந்து நெஞ்சில் தேய்த்துக்கொண்டாள். "காத்து புடிச்சிருக்குக்கா" என்றாள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "எங்க வலிக்குது? கைக்கு எறங்குதா? தாடை வலிக்குதா?" என்று நான் போட்ட அதட்டலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் பயந்துபோய்ப் புட்டியை மூடினாள். வாடை மட்டும் பஸ் புஞ்சாக் ஆலாம் போய்ச் சேரும் வரை போகவில்லை. நீ செத்த அன்று உன் சட்டையில் இருந்ததும் அந்த வாடைதான்.

தோட்டத்து லயத்தில் பக்கத்து வீடுகளில் பிறந்தோம். வளர்ந்து கையுறைத் தொழிற்சாலையில் ஒரே மேசையில் பெட்டி மடித்தோம். நான் அன்றும் குண்டு, இன்றும் குண்டு. உனக்குக் கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். தொளதொளத்த சட்டைக்குள் யாருக்கும் தெரியாது. கம்பெனியில் உயரமும் எடையும் மட்டும் பார்த்து உன்னை 'நார்மல்' என்றார்கள். எனக்கோ எல்லார் முன்னாலும் உபதேசம். "நான் பாஸு, நீ பெயிலு லா" என்று சிரித்தாய்.

பிறகு கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசோதனை நடந்தது. அங்கே வந்த நர்ஸ் மிஸ்ஸி உன் இடுப்பைச் சுற்றி டேப்பு வைத்தாள். முகம் மாறி, இன்னொரு முறை வைத்தாள்.

"எட சரியாத்தான் இருக்குக்கா. ஆனா இடுப்புச் சுத்தளவு ரொம்ப அதிகம். வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு ஹார்ட்டுக்கு ஆகாது. கிளினிக்குல ரத்தம் பாருங்க."

"புள்ள பெத்த வயிறு மிஸ்ஸி" என்றாய். உன் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். நான் கூப்பிட்டபோதெல்லாம் "தீபாவளி முடியட்டும்" என்றாய். நீ தீபாவளியைப் பார்க்கவில்லை.

அன்று வேலையில் உனக்கு முதுகும் தாடையும் வலித்தன. தைலம் தேய்த்தாய், அப்படியும் வியர்வை நிற்கவில்லை. அப்போது நான் வைத்திருந்த காரில் ஏற்றி, பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒல்லியாத்தான இருக்கீங்க, கேஸ்ட்ரிக்கா இருக்கும்" என்றார்.

"டாக்டர், வேர்த்து ஊத்துது. இ.சி.ஜி. எடுத்துப் பாருங்க" என்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "மொதல்ல நீங்க எடுத்துக்கிட்டா நல்லது."

அந்த வலியிலும் நீ சிரித்தாய். அதற்காக உன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அவர் கொடுத்த கேஸ்ட்ரிக் மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது உன் தலை என் தோளில் சாய்ந்தது. வண்டியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருப்பினேன். கட்டிலில் ஏற்றியபோதே எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

சாவு வீட்டில் உன் நாத்தனார் என்னைக் காட்டிப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "ஒடம்ப வளத்து வச்சிருக்கிறவங்க நல்லாத்தான் இருக்காங்க. பாவம், இது காத்து மாதிரி இருந்துச்சு."

"அப்படி சொல்லிச் சொல்லித்தான் அவள சாகடிச்சீங்க!" என்று கத்தினேன். எல்லாரும் என்னை வெளியே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். எனக்குத் தண்ணீர் வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் புக்கிட் செந்தோசாவுக்குப் போய் உன் தங்கச்சியை இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். உன்னைப் போலவே குச்சிக் கை, முன்தள்ளிய வயிறு. இந்த டாக்டரும் "ஒல்லியாத்தான..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்றேன். "இவ அக்காளையும் இப்படித்தான் சொன்னாங்க. டேப்ப எடுங்க, டாக்டர். ரத்தமும் பாருங்க. பாக்காம நாங்க போக மாட்டோம்."

பார்த்தார்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், மூன்றும் ஏறியிருந்தன. மாத்திரை சாப்பிடுகிறாள், சாயங்காலம் நடக்கிறாள். வாரா வாரம் போன் போட்டு, "ஒன்னாலதான்க்கா ஒரு சீனித் தேத்தண்ணிக்குக்கூட வழியில்லாம கெடக்கேன்" என்று திட்டுகிறாள்.

திட்டட்டும். திட்டுவதற்கு அவளாவது இருக்கிறாள்.