வெறுங்காலோடு பீமாசங்கர் மலை

ஆவணி 1, சனி

கர்ஜத் தாண்டி மலையடிவாரம். விடாத மழை.

வந்திருப்பது நாலு பேர்: நான், அவர், மகள் ஜோதி, வழிகாட்ட உள்ளூர்க்காரர் துக்காராம். வேறு யாரும் இல்லை. துக்காராம் வீட்டு வாசலில் கூடாரம். கூடாரமும் பைகளும் ஜோதியின் காலேஜ் சிநேகிதிகளிடம் இரவல். எங்கள் தாராவியில் மழை என்றால் சாக்கடை. இங்கே மலை முழுக்கக் கோடு கோடாய் அருவி. அழகுதான்.

சாமான் சரிபார்த்தது: புளிச்சோறு இரண்டு டப்பா, அவல், வில்வம் ஒரு பொட்டலம், திருநீறு, சுகர் மாத்திரை ஆறு, பஞ்சு, கட்டுத்துணி, சுகர் காலுக்கென்று டாக்டர் எழுதிக்கொடுத்த அவருடைய மெத்தை வைத்த எம்.சி.ஆர். செருப்பு.

போன வருஷம் சுகரில் அவர் இடது கால் சுண்டுவிரலை எடுத்தார்கள். மிச்சக் கால் தேறினால் ஆவணித் திங்களன்று பீமாசங்கரரிடம் வெறுங்காலோடு நடத்திக் கூட்டிவருகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நேர்ந்தேன். தேறியது. அதுதான் வந்திருக்கிறோம்.

ஆவணி 2, ஞாயிறு

ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஏற்றம் தொடங்கும் இடத்தில் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி என் பையில் வைத்தேன். ஊர்க்காரர்கள் நாங்களே மழைக்கு ஷூ போட்டுத்தான் ஏறுவோம், மாவ்ஷி, என்றார் துக்காராம் ஹிந்தியில். மாவ்ஷி என்றால் இங்கே சித்தி.

ஜோதி விடவில்லை. "எம்மா, வீட்டுக்குள்ளயே செருப்பு போடணும்னுல்லா டாக்டர் சொல்லிருக்காரு. அப்பாவுக்குக் கால்ல உணர்ச்சி கெடையாது."

"சாமி காரியத்துல குறுக்க பேசாத ஏட்டி."

அவர் சிரித்தார். "விடுளா ஜோதி. நேந்தது உங்கம்மா, நடக்கது எங்காலு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டாளாக்கும்?"

பாதை ஓடையாகிவிட்டது. முழங்கால்வரை தண்ணீர். மேகம் இறங்கி, நாலடி முன்னால் ஆள் தெரியவில்லை. அவர் சட்டையைப் பிடித்தபடியே நடந்தேன். இடது கைப்பக்கம் பள்ளம். பார்க்கவில்லை. வாயில் சிவசிவ மட்டும்.

மூன்று மணி. மேட்டில் கூடாரம் அடித்தாயிற்று. அவர் கால் கழுவ உட்கார்ந்தார். தண்ணீர் சிவப்பாய் ஓடியது. அட்டை கடித்திருக்கும் என்று நினைத்தேன். அட்டை இல்லை. வலது உள்ளங்காலில் கிழிசல். உள்ளே கல்துண்டு.

"எப்பம் குத்திச்சு?"

"எது?" என்றார்.

அவருக்குத் தெரியவே இல்லை. எவ்வளவு தூரம் அதன்மேல் நடந்தாரோ.

ஜோதி கல்லை எடுத்து, கழுவி, கட்டுப்போட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆவணி 3, திங்கள், காலை

மழை குறையவில்லை. பாதம் வீக்கம், தொட்டால் சூடு. அவருக்கு நடுக்கம். அவல் இரண்டு வாய், போதும் என்றுவிட்டார்.

கும்பிட உட்கார்ந்தேன். நேர்ந்தது நான், கழற்றச் சொன்னது நான். எழுந்துபோய்ச் செருப்பை எடுத்து அவருக்கு மாட்டப் பார்த்தேன்.

"நேர்த்தி என்னாவுது?" என்றார்.

"அது எம்பாடு. கால நீட்டுங்க."

வலது கால் உள்ளே போகவில்லை. பட்டை எட்டவில்லை.

மேலே போனால் கோயில், பஸ், ரோடு. நடை இரண்டு மணி நேரம். கீழே இறங்க ஓடை விடாது. தூக்கிப்போக ஆள் கூப்பிடலாம், சாயங்காலம் ஆகும் என்கிறார் துக்காராம். இங்கே சிக்னல் இல்லை. பாறை முனையில் கிடைக்குமாம். ஜோதியின் போனோடு துக்காராம் போவார். அவர் காலைப் பார்க்கிற செம்பூர் டாக்டருக்குச் செய்தி. ஜோதிக்குத் தமிழ் வாசிக்க வராது. நான் இந்த நோட்டில் எழுதி வாசிக்க, அவள் ஹிந்தியில் தட்டுகிறாள்.

முதலில் எழுதியது: நடக்கையில் வழுக்கிக் கல் குத்திவிட்டது.

"உள்ளத எழுதும்மா," என்றாள். "செருப்பு போட்டிருந்தாரான்னுதான் மொதல்ல கேப்பாரு."

அந்த வரியை அடித்துவிட்டேன். திரும்ப எழுதியது:

டாக்டர் ஐயா, நேற்று முழுக்க வெறுங்காலோடு மலை ஏறினார். செருப்பைக் கழற்றச் சொன்னது நான். அவர் மேல் தப்பில்லை. வலது உள்ளங்காலில் கல் குத்தி அரைவிரல் ஆழம். இன்று வீக்கம், சூடு, நடுக்கம். ரோட்டுக்கு இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும். ஆள் வந்து தூக்க சாயங்காலம் ஆகும். நடக்க வைக்கலாமா, காலை ஊன்றாமல் இருக்கட்டுமா? செய்தி கொண்டுவந்தவர் பாறையிலேயே காத்து நிற்பார். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.