படப்பையில் வாங்கிய ஆம்ப்

ஞாயிறு, இரவு

பேஸ் கிட்டாருக்காகப் போன வாரம் படப்பையில் ஒருவனிடம் வாங்கிய பழைய ஆம்ப், இன்று சர்ச்சில் என் மானத்தை வாங்கிவிட்டது. முதல் பாட்டில் சத்தத்தைக் கூட்டியதுமே ஓட்டைத் தகரம் மாதிரி அதிர்ந்தது. பாஸ்டரே திரும்பி முறைத்தார். கழற்றிப் பார்த்தால், ஸ்பீக்கர் கிழிந்து பசை போட்டு ஒட்டியிருக்கிறது.

வாங்கிய அன்று அவன் சத்தம் வைக்கவே விடவில்லை. "உள்ள கொழந்த தூங்குது சார், மெதுவா வாசிங்க" என்றான். நான் ஒரு மடையன், திரும்பும்போது செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு வந்தேன்.

மதியம் ஆம்பைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே போனேன். நைட் ஷிப்ட் முடித்த நாலு தடியன்கள் பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டில்கூட இல்லை.

"கொழந்த எங்கடா?"

"இன்னா சார், டெஸ்ட் பண்ணிட்டுத்தான எடுத்துக்கினு போனீங்க?"

கதவைச் சாத்திவிட்டான். நாசமாய்ப் போகிறவன்.

சாயங்காலம் ஆம்பைப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டேன். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, நாளைக்கு வந்து வாசித்துப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தாராளமா வாங்க சார். மெதுவா மட்டும் வாசிங்க. கொழந்த தூங்கும்."

எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.