கடைசிப் பந்தி

சுடுசோறு வாழையிலையில் விழும்போது ஒரு பச்சை மணம் எழும். இன்று நம் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாச் சாப்பாட்டில் அந்த மணம் வந்ததும் உன் நினைவு வந்தது. கூடவே பழைய பொறாமையும் வந்தது. நீ இறந்த பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

அந்தப் பொறாமை தொடங்கியது, பன்வில ஊர்க் கடைகளில் அரிசியும் மாவும் கிடைக்காமல் போன வருடத்தில். தோட்டத்திலும் வேலை குறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் அவித்த மரவள்ளி இலைதான் சாப்பாடு. நான் ஊட்டினால் தங்கச்சி துப்புவாள். உங்கள் லயத்து வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனால் அதையே வழித்துத் தின்பாள்.

அங்கே நீ, எப்போது வருமென்று தெரியாத திருவிழாவுக்குப் பந்தி போட்டுக்கொண்டிருப்பாய். கரித்துண்டால் தரையில் கோடு கிழித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாழையிலை வரைவாய். "இருக்கிறதத் தின்னாத புள்ளைக்கு அன்னைக்கு எலை கெடையாது" என்பாய். இல்லாத பாயாச வாளிக்குப் பக்கத்து இடத்துக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

"எங்கக்காவுக்கு எலை எங்க?" என்று தங்கச்சி ஒருநாள் கேட்டாள்.

"அவளுக்கு எலை இல்ல. வாளியத் தூக்கிட்டு வந்து பரிமாறட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏய் புள்ள, மொகத்தத் தூக்காத. நானும் பரிமாறத்தான் போறேன். ரெண்டு பேரும் கடைசிப் பந்தியில ஒண்ணா உக்காருவோம்" என்றாய். அது என் காதில் ஏறவில்லை. நம் வகுப்பில் முதலாம்பிள்ளை நான்; என் தங்கச்சியோ உன் மடியில் உட்கார்ந்திருந்தாள்.

மழைக்காலத்தில் வயிற்றோட்டம் வந்து உன்னை லொறியில் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "வந்து எண்ணிப் பாப்பேன், ஒரு எலையும் கொறையக் கூடாது" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனாய். நீ வரவில்லை. அதன்பின் நான்தான் கோடு கிழித்தேன்.

"அந்த அக்கா சொன்னா சோறு மணக்கும். நீ சொன்னா மணக்கல" என்றாள் தங்கச்சி. ஆனாலும் தின்றாள், இலை போய்விடுமே என்று.

இன்று உண்மையான இலைகள். வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். உன் பந்திப் பிள்ளைகளில் ஒருவரும் குறையவில்லை. எல்லாரும் எழுந்த பிறகு நான் உட்கார்ந்தேன். தங்கச்சி என் பக்கத்தில் இன்னோர் இலை விரித்து, அதில் முதலில் சோறு வைத்தாள்.

"அந்த அக்காவுக்குத்தான் மொதல்ல" என்றாள்.

பொறாமை இன்னும் இருக்கிறது. ஆனாலும் நீ உட்காரும்வரை சற்றுக் காத்திருந்துவிட்டுத்தான் நான் சோற்றில் கை வைத்தேன்.