அப்பா புகார் கொடுத்த சுவர்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பேனாவை எடுத்தேன். நாங்களும் சுகம்தான். சுகம் என்று எழுதிவிட்டு, பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒருமுறை திரும்பி அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், நாற்காலியிலேயே வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், ஆகவே சுகம்தான். என் முழங்கால் மட்டும் மழை வருவதை மழைக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. சித்தி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே சித்தியின் மூக்கு, வளர வளரச் சரியாகிவிடும் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிறாய் என்று மாப்பிள்ளை காட்டிக்கொடுத்துவிட்டார். வெறும் வயிற்றில் காப்பியைக் குடித்துவிட்டு மதியம்வரை கணினி முன்னால் உட்கார்ந்தால் தலைவலிக்காமல் என்ன செய்யும், ஒரு வாழைப்பழத்தையாவது வாயில் போட்டுக்கொண்டு போ, அதற்கு அடுப்புகூட வேண்டாம்.

இந்தக் கடிதம் முழுக்க அப்பாவைப் பற்றித்தான். ஆயுசு முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்து பிழை திருத்தியவர், ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வார் சொல், காலையில் வரும் செய்தித்தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார், அது முடிந்ததும் நான் தைக்கிற திரைச்சீலையில் மடிப்பு கோணலாக இருக்கிறது என்பார், அதுவும் முடிந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாள் முழுக்க வீட்டில் இரண்டு பேர் இருந்தும் பேச்சுக்குரலே கேட்காது. உன்னிடம் சொன்னால் அங்கிருந்து கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர், கொஞ்சம் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, மாத்திரையைவிட நடைதான் முக்கியம், மாதா மாதம் ரத்தம் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றார். நடக்கச் சொன்னதும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படுகிற பிள்ளை மாதிரி இருந்தது. முதல் இரண்டு நாளும் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து போதும் என்றார்.

அடுத்த நாள் போனவர் ரொம்ப நேரமாக வரவில்லை. வந்தபோது மூச்சிரைக்க வந்தார், முகமெல்லாம் சிவந்திருந்தது. என்னவோ ஏதோ என்று நான் பதறினால், "தண்ணித் தொட்டிச் சுவத்துல எவனோ படம் வரஞ்சு வச்சிருக்கான், பொதுச் சுவரு, கேக்க ஆளில்லையா" என்று குதிக்கிறார். பக்கத்துத் தெருத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு நீளச் சுவர் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும், பாசி பிடித்துக் கிடக்குமே, அதில்தான். கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு ஒரு வட்டம். நடுவில் ஒரு புள்ளி, புள்ளியைச் சுற்றி இதழ்கள், இதழுக்கு வெளியே கண்ணீர்த்துளி போல ஒரு வரிசை, அதற்கும் வெளியே பின்னிப் பின்னிப் போகும் கோடுகள், கருநீலமும் செங்கல் நிறமும். எனக்கு அழகாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் வாயைத் திறந்தால் எனக்கும் சேர்த்துப் புகார் எழுதுவார் என்று சும்மா இருந்துவிட்டேன். அன்றைக்கே நகராட்சிக்கு ஒரு புகார் போயிற்று, படத்தோடு. அப்பாவின் புகார்களைப் பற்றி உனக்குத் தெரியாததா, எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான், பெயர்ப்பலகையில் ஒற்று விட்டுப்போனதற்கு எழுதியதற்கெல்லாம் இன்றுவரை பதில் இல்லை.

ஆனால் புகார் கொடுத்தவருக்கு ஆதாரம் வேண்டாமா. ஒரு சுவரோடு நிற்கும் கூட்டமாகத் தெரியவில்லை, ஊரெல்லாம் கிறுக்கி வைத்திருப்பார்கள் என்று தேடத் தொடங்கினார். தேடத் தேடக் கிடைத்தது. செருப்புக்கடை ஷட்டரில் ஒன்று, கடை திறந்தால் வட்டம் சுருண்டு மேலே போய்விடும், அதனால் கடை திறக்கும் முன்னே போக வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பிவிடுவார். பேருந்து நிறுத்தத்துப் பக்கத்தில் இருக்கும் மின்சாரப் பெட்டியின் நான்கு பக்கமும் சின்னச் சின்ன வட்டங்கள். இப்படி அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வண்டியில் மோதிக்கொள்வாரே என்று நானும் கூடப் போக ஆரம்பித்தேன். இத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நடுவில் உள்ள ஊரைத்தான் எனக்குத் தெரியும் போலிருக்கிறது. ஒரு பல் மருத்துவமனைக்கு வெளியே படிக்கட்டு இருக்கிறது, ஒவ்வொரு படியின் முகப்பிலும் கோடு கோடாக ஏதோ தீட்டியிருக்கிறார்கள், ஏறும்போது ஒன்றும் புரியாது, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தால் எல்லாப் படியும் சேர்ந்து ஒரே பெரிய வட்டமாகிவிடுகிறது. நான் வாய்விட்டு "அட" என்றேன், அப்பா மறுபடி ஒருமுறை ஏறிப்போய் இறங்கி வந்து அதே இடத்தில் நின்று பார்த்தார். மேம்பாலத்துத் தூண் ஒன்றில் வட்டம் தூணைச் சுற்றிக்கொண்டு போகிறது, எந்தப் பக்கம் நின்றாலும் பாதிதான் தெரியும், அதைச் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். விரலை நீட்டி இதழ்களை எண்ணுவார், கோடு கோட்டோடு சேருமிடத்தில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார், பிழை கண்டுபிடிக்கத்தான். ஒரு நாள் அந்தத் தூணடியில் நின்றுகொண்டு, யாரிடமோ தோற்றுப்போனவர் மாதிரிக் குரலை இறக்கி, "ஒரு எடத்துலகூட கை தடுமாறல, பாத்தியா" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கே கிடைத்ததில்லை. அதற்குப் பிறகு படம் எடுத்தாரே தவிரப் புகார் எழுதவில்லை.

ரத்தம் பரிசோதிக்கப் போன இடத்தில்தான் ஆள் அகப்பட்டாள். ஆமாம், அவன் இல்லை, அவள். அங்கே ரத்தம் எடுக்கிற பெண், உன்னைவிடச் சிறியவளாக இருப்பாள், அப்பாவின் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தாள், அப்பா ஊசியைப் பார்க்கப் பயந்து அவள் விரலைப் பார்த்திருக்கிறார், கையுறை மாட்டப் போகும் நேரம், நகக்கண்ணில் கருநீலம். "தண்ணித் தொட்டிச் சுவரு நீங்களா" என்று பட்டென்று கேட்டுவிட்டார். அவள் பயந்து இரண்டு பக்கமும் பார்த்து, "மெதுவா சார், இங்க யாருக்கும் தெரியாது" என்றாள். பிறகு பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே பேசினாள். அதற்கு மண்டலா என்று பெயராம், நடுப்புள்ளியில் ஆரம்பித்து வெளியே வெளியே போவதாம், ஓர் ஆணியும் நூலும் இருந்தால் எவ்வளவு பெரிய வட்டமும் போடலாமாம். ஏன் இந்த வேலை உனக்கு என்று நான் கேட்டதற்கு, "காலையில இருந்து யார் கையப் புடிச்சாலும் ஐயோங்கிறாங்கம்மா, சுவரு கத்தாதுல்ல" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை, வீடு வரும்வரை ஏதோ யோசனையாகவே வந்தார். எனக்குக் காரணம் தெரியும், கேட்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அப்பாவின் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஒரு புகாருக்கு நகராட்சியிலிருந்து பதில் வந்தது. தங்கள் புகார் ஏற்கப்பட்டது, சுவர்களை அசுத்தப்படுத்தும் ஓவியங்கள் அனைத்தும் அழிக்கப்படும், பொறுப்புள்ள குடிமகனுக்கு நன்றி என்று. படித்தவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார், நான் பின்னாலேயே ஓடினேன், என் முழங்கால் அன்றைக்கு எப்படி ஒத்துழைத்ததோ தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியடியில் இரண்டு பேர் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதி வட்டம் போய்விட்டது. அப்பா சுவருக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார், சட்டையெல்லாம் வெள்ளை. "நிறுத்துங்கப்பா" என்றார். "புகார் வந்திருக்கு சார், நாங்க என்ன பண்ண" என்றான் ஒருவன். "அந்தப் புகாரக் குடுத்தவனே நான்தான்யா" என்றார் அப்பா. அவன் தூரிகையை வாளியில் முக்கிக்கொண்டே, "அப்போ சந்தோஷப்படுங்க சார், வழிய விட்டு நில்லுங்க" என்றான். வேறென்ன சொல்வான் அவன், பாவம். மீதிப் பாதியும் எங்கள் கண் முன்னாலேயே போயிற்று. அப்பா கடைசி இதழ் மறையும்வரை அங்கேயே நின்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுபடி பழையபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு நின்றார், நகராட்சிக்குப் போகலாம் வா என்று. அங்கே இருந்த அம்மாள் நல்ல மாதிரி, பொதுச் சுவரை நான் ஒன்றும் செய்ய முடியாது, தனியார் சுவர் என்றால் சொந்தக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவோம், இந்த வாரத்துக்குள் கொண்டு வாருங்கள் என்றாள். பாலத்துத் தூண் போய்விடும், மின்சாரப் பெட்டியும் போய்விடும், மற்றதைப் பிடித்து வைக்கலாம். ஊரில் யாரோடும் நின்று பேசாத உன் அப்பா கடை கடையாக ஏறி இறங்கினார். செருப்புக்கடைக்காரர் உடனே எழுதிக் கொடுத்தார். பல் மருத்துவர் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மிஞ்சியது வண்டிப் பட்டறை. அதன் பக்கச் சுவரில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரியது, வெள்ளையும் செங்கல் நிறமும், நாங்கள் தெருமுனையில் நின்றுதான் பார்த்திருக்கிறோம், அங்கிருந்து பார்த்தால் மெதுவாகச் சுழல்வது போலவே இருக்கும். அங்கே போகத்தான் அப்பாவுக்குக் கால் வரவில்லை. பட்டறைக்காரர் பலகையில் ‘பழுது பாற்கப்படும்’ என்று எழுதியிருந்ததை, வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே அப்பா போய்ச் சொல்ல, அவர், "வண்டி ஓடுனாப் போதும் சார், எழுத்து ஓட வேணாம்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட, அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அந்தத் தெருவழியாகப் போவதையே அப்பா விட்டிருந்தார்.

நாங்கள் போனபோது பட்டறைக்காரர் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும்தான் தெரிந்தது. அப்பா அந்தக் காலிடமே பேச ஆரம்பித்துவிட்டார். சுவரைப் பற்றிச் சொன்னார், புகாரைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னார். பாதியில் அவர் உருண்டு வெளியே வந்து, முகமெல்லாம் எண்ணெயாக, "நீங்க வந்து நிக்கவும் பலகையில இன்னொரு தப்பு கண்டுபிடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்து வண்டியின் முன்பக்கத்தில் வைத்து மெதுவாக எழுதினார், இந்தச் சுவர் என்னுடையது, இந்தப் படம் எனக்குப் பிடித்திருக்கிறது, யாரும் அழிக்க வேண்டாம் என்று. எழுதி முடித்து அப்பாவிடம் நீட்டி, "நீங்கதான பெரிய ஆளு, பிழை இருந்தாச் சொல்லுங்க, திருத்திக் குடுக்கறேன்" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். நான் எட்டிப் பார்த்தேன், கடவுளே, எனக்கே கண்ணில் குத்தியது, வரிக்கு ஒன்று இருந்தது. அப்பா முதல் வரியிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தார். பிறகு தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சரியா இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எண்ணெய் நெடி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பட்டறைக்காரர் எங்களுக்குத் தேநீர் வரவழைத்தார்.

மிச்சம் இருந்தது அந்தப் பெண்ணிடம் சொல்வது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, அவள் கையை நீட்டச் சொன்னதும் அப்பா கையையும் நீட்டி, புகார் கொடுத்தது தான்தான் என்பதையும் சொல்லிவிட்டார். அவள், "கைய இறுக்கி மூடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு நரம்பு கிடைக்கக் கொஞ்சம் அதிக நேரமாயிற்று. ஊசியை எடுத்த பிறகு, "வலிச்சுதா" என்று கேட்டாள், "இல்லம்மா" என்றார் அப்பா, "வலிச்சிருக்கணுமே" என்றாள். சிரிக்கிறாளா கோபப்படுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அந்தச் சுவரில் பல இரவு நின்றிருக்கிறாள் அல்லவா, உடனே மறந்துவிடுவாளா என்ன. நாங்கள் எழுந்த பிறகு, "இனிமே அனுமதி வாங்கித்தான் வரையணும், எனக்கு அந்த மாதிரிக் கடிதமெல்லாம் எழுத வராது சார்" என்றாள். அப்பா வாசலிலேயே நின்று, "எனக்கு வரும்" என்றார். இப்போது மேசை நிறையத் தாள்தான். தண்ணீர்த் தொட்டிச் சுவருக்கு அனுமதி கேட்டு நகராட்சிக்கு எழுதுகிறார், அடிக்கிறார், மறுபடி எழுதுகிறார், அவளோடும் பட்டறைக்காரரோடும் போய் ஆலோசனை செய்துவிட்டு வருகிறார், அனுமதி கிடைக்குமா என்று யாருக்கும் தெரியாது. நானும் என் பங்குக்கு ஒரு தாளில் பென்சிலால் வட்டம் போட்டுப் பார்த்தேன், முட்டை மாதிரி வந்தது, அதை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நீண்ட நாள் நன்றாக இருங்கள். குட்டியின் கன்னத்தில் எனக்காக ஒன்று, அப்பாவுக்காக ஒன்று. பழத்தை மறக்காதே.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கைப்பேசியில் முகம் தெரிகிற மாதிரி உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று அப்பா இன்றைக்கு என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார், அந்தச் சுவர்களை எல்லாம் உனக்குக் காட்ட வேண்டுமாம். கூப்பிட்டால், நான் இதெல்லாம் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, எல்லாம் புதிதாகக் கேட்பது போலக் கேள். யார் புகார் கொடுத்தது என்ற இடம் வரும்போது அவர் ‘யாரோ’ என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடக்கூடும். போகட்டும், நீயும் கூடவே போய்விடு.

உன் அம்மா