சுண்ணாம்பு தொடாத பூ

அன்புள்ள எடெல்காவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா?

டான்யூப் கரையோரம் இருக்கும் இந்த ஊரில் சுவருக்கு வெள்ளையடிப்பது ஆண்கள் வேலை, அதில் பூ வரைவது பெண்கள் வேலை. அது தெரியாமல், நான் வெள்ளையடிக்க வந்திருக்கும் ஊர் மன்றத்துச் சுவரில், பூ வடிவம் வெட்டிய அட்டை அச்சு வைத்து ஒரு பூப் போட்டுவிட்டேன். பூ வரைகிற பெண்களுக்குத் தலைவியான ரோசாலியா சிரித்த சிரிப்பு வீதிவரை கேட்டது.

"ஏன்யா, பொண்டாட்டியக் கொஞ்சுறதுக்கும் அட்டை வச்சிருக்கியா?" என்று கேட்டபடியே அதன்மேல் சுண்ணாம்பை இழுத்துவிட்டாள். பிடிக்காத பூவுக்கு இங்கே அதுதான் தீர்ப்பு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் வேலை முடிந்ததும் அட்டை இல்லாமல், கதவோரம் ஒரு பூ வரைந்தேன். மறுநாள் காலையில் அந்த இடம் வெள்ளையாக இருக்கும்.

இன்று போனேன். பூ அப்படியே இருக்கிறது! ஜெயித்துவிட்டேன், எடெல்கா. இந்த ஊர்ச் சுவரில் நிற்கும் முதல் ஆம்பளைப் பூ அது. பக்கத்தில் ரோசாலியாவே பச்சையில் இரண்டு இலை வரைந்திருக்கிறாள்.

"தனியா நின்னுச்சு, பாவமா இருந்துச்சு" என்றாள்.

சுண்ணாம்பில் கை வெடிக்கிறது, தடவிக்கொள்ளக் கொஞ்சம் வாத்துக் கொழுப்பு அனுப்பு. உன் சிவப்புத் தலைக்குட்டையையும் சேர்த்து அனுப்பு. அதை நினைத்துக் குழைத்த சிவப்புதான் அந்தப் பூ. நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் ஆம்ப்ருஷ்